டப்பாவின் பின்பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. புரோட்டீன் பௌடர் டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பி "இது வாங்கலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் விளம்பரம். பின்பக்கத்தை அனுப்பு என்று அன்றைக்கே பதில் போட்டேன், ப்ளூ டிக் விழுந்ததோடு சரி. போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மூடிவைக்காமல் கடைசி வரை படி, கண்ணு.

பௌடர் எல்லாமே விஷம் என்பது உன் அப்பா கட்சி. ஜிம்மில் சொன்னால் வேதவாக்கு என்பது உன் கட்சி. நான் இரண்டிலும் இல்லை. சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரிகிற தெளிந்த நீரை வடிகட்டி உலர்த்தினால் வே புரோட்டீன். அது ஒரு சாப்பாட்டுப் பொருள், அவ்வளவுதான். உன் தட்டில் புரதம் குறைகிறதா, எத்தனை கிராம் குறைகிறது, அதை நிரப்ப இதைவிட மலிவாக ஏதும் கிடைக்காதா? முதலில் இதற்குக் கணக்குப் போடு.

உன் எடையை 75 கிலோ என்று வைக்கிறேன். (பொங்கலுக்கு வந்தபோது 76 காட்டியது. அதைப் பற்றிப் பிறகு.) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு கிலோவுக்கு 0.83 கிராம். அதன்படி உனக்கு 62 கிராம். எடை தூக்குகிறவனுக்கு அது போதாது, 1.4-லிருந்து 2 வரை வேண்டும் என்கிறார்கள். 1.6-க்கு மேலே போனால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. ஆக உன் உச்சக் கணக்கு 120 கிராம். உன் ட்ரெய்னர் சொன்ன 220 எந்தக் கணக்கில் வந்தது என்று அவரிடமே கேள்.

இப்போது தட்டைப் பார். காலையில் நாலு முட்டை, கால் லிட்டர் பால்: 32 கிராம். மதியம் மெஸ் சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் சேர்த்து 12, ஒரு கிண்ணம் தயிர் 6. சாயந்திரம் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10. ராத்திரி மூணு சப்பாத்தி 9. அதோடு மீல் மேக்கர் 50 கிராம் என்றால் 26, எலும்பில்லாத கோழி 150 கிராம் என்றால் 33. கூட்டினால் 95-லிருந்து 102. துண்டு விழுவது 20, 25 கிராம். அது ஒரே ஒரு ஸ்கூப். ஒரு நாளைக்கு மூன்று ஸ்கூப் எதற்கு? மீதியை உடம்பு எரிபொருளாகவோ கொழுப்பாகவோ ஆக்கிக்கொள்ளும், நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகும். காசும் அதோடு போகும்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு கிலோ டப்பா 3,000 ரூபாய் என்று வை. 33 கிராம் ஸ்கூப்பில் 30 தடவை, ஒவ்வொன்றிலும் 24 கிராம் என்றால் மொத்தம் 720 கிராம் புரதம். கிராமுக்கு நாலு ரூபாய்க்கு மேல். முட்டை ஆறரை ரூபாய்க்கு வாங்கினாலும் ஆறு கிராம் கிடைக்கிறது, கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். மீல் மேக்கர் கிலோ 200 என்றால் அதில் 520 கிராம் புரதம், கிராமுக்கு நாற்பது காசுகூட இல்லை. விலை மாறும்போது நீயே போட்டுப் பார்த்துக்கொள். நாமக்கல்லை ஒட்டிப் பிறந்துவிட்டு முட்டையை விட்டு டப்பாவைத் தேடுகிற பிள்ளையை என்ன சொல்ல!

மீல் மேக்கர் வாடை அடிக்கிறது, வயிறு உப்புகிறது என்றாய். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போடு, பச்சைத் தண்ணீரில் அலசி ஒட்டப் பிழி, மறுபடி அலசிப் பிழி. வாடை போய்விடும். நீ முதல் தண்ணீரோடு மசாலாவில் போட்டிருப்பாய். முட்டைக்கு உன் ரூமில் இருக்கும் கெட்டிலே போதும்: முட்டை மூழ்கத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவை, அது தானாக அணைந்ததும் மூடியைத் திறக்காமல் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் விடு. பச்சை முட்டையை உடைத்துக் குடிக்காதே. வேகாத முட்டையின் புரதம் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும், கிருமி பயம் வேறு. மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுவதும் வேண்டாம், முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது. பயறு முளைகட்டினால் புரதம் கூடும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். கூடுவது தண்ணீர். செரிமானத்துக்கு நல்லது, அதற்காகச் சாப்பிடு. பொட்டுக்கடலையும் கொள்ளும் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு ஸ்கூப் வேண்டும் என்றால் வாங்கு, நான் தடுக்கவில்லை. மெஸ் சாப்பாடு எனக்கும் தெரியும். ஆனால் பின்பக்கத்தைப் படித்து வாங்கு. ஸ்கூப்பில் இருக்கும் புரதத்தை ஸ்கூப் எடையால் வகுத்து நூறால் பெருக்கு. 24-ஐ 33-ஆல் வகுத்தால் 73 வருகிறது, சரி. 40 கிராம் ஸ்கூப்பில் 20 கிராம்தான் என்றால் பாதி இனிப்பும் வாசனையும். சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாகப் போட்டிருந்தால் வைத்துவிட்டு வா. சாதாரணச் சோதனை நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று சொல்லும். மலிவான அமினோ அமிலத்தைக் கொட்டினால் அந்த எண் உயர்ந்துவிடும், உள்ளே அந்த அளவு புரதம் இருக்காது. தசை வளரத் தூண்டுகிற அமினோ அமிலம் லூசின், அதன் அளவு போட்டிருக்கிறதா பார், 25 கிராம் வே புரதத்தில் இரண்டரை கிராமாவது இருக்க வேண்டும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் அவர் உரிம எண்ணும் இருக்க வேண்டும். விலை ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, உள் சீல் நெகிழ்ந்திருந்தாலோ வேண்டாம். ட்ரெய்னர் ஜிப் கவரில் கட்டித் தருவதை எக்காரணம் கொண்டும் வாங்காதே. காலி டப்பாவைப் பழைய பேப்பர் கடையில் போடும்போது லேபிளைக் கிழித்துவிட்டுப் போடு, இல்லாவிட்டால் அதே டப்பா வேறு மாவோடு இன்னொருவன் கைக்குப் போகும்.

நான் சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. கொச்சியைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர்கள் உள்ளிட்ட குழு இங்கே விற்கிற 36 பௌடர்களைச் சோதித்து 2024-ல் வெளியிட்டது. 25-ல் லேபிளில் போட்டதும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்லடாக்சின். மூலிகை கலந்தவைதான் கூடுதல் மோசம். "ஆயுர்வேத மசில் பௌடர்" என்று பச்சை இலைப் படம் போட்டிருந்தால் ஓடி வந்துவிடு.

குடிக்கும்போது தண்ணீரை முதலில் விட்டுப் பிறகு மாவைப் போடு, கட்டி தட்டாது. சுடுநீர் வேண்டாம். வயிறு கடமுடா என்றால் பெரும்பாலும் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரைதான் காரணம், கான்சென்ட்ரேட் வகைக்குப் பதில் அதை இன்னும் வடித்தெடுத்த ஐசோலேட் வகை பார். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடித்தே ஆகணும் என்று ஓடாதே, நாள் முழுவதுக்கும் சேர்த்துச் சாப்பிடுவதுதான் கணக்கு.

மற்ற டப்பாக்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடை ஏற்ற என்று விற்கிற மாஸ் கெய்னர் வாங்கவே கூடாது. பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், மக்காச்சோளத்தையோ மரவள்ளியையோ மாவாக்கி உடைத்தது. ஆத்தூர் சேகோ ஆலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நீ, கிழங்கு மாவுக்கு அந்த விலை கொடுப்பாயா? புரதம் போதுமான அளவு சாப்பிட்டால் பிசிஏஏ என்கிற அமினோ அமிலப் பொடி வீண். பயிற்சிக்கு முன் குடிக்கிற ப்ரீ-ஒர்க்அவுட்டில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபின். ஒரு ஸ்கூப்பில் 200, 300 மில்லிகிராம் வரை இருக்கும், ஒரு நாளைக்கு 400-ஐத் தாண்டக்கூடாது. தோல் குறுகுறுக்கிறதே, அது அதில் கலந்திருக்கும் பீட்டா-அலனின் செய்கிற வேலை, மருந்து ஏறுகிற அடையாளம் ஒன்றுமில்லை. ஏற்காட்டுக் காப்பித்தூள் போனமுறை கொடுத்தனுப்பினேனே, ஒரு டம்ளர் போட்டுக் குடித்துவிட்டுப் போ. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் அதுவும் வேண்டாம், தூக்கம் கெடும். ஃபேட் பர்னர் பக்கமே போகாதே.

இந்தக் கூட்டத்தில் நான் நம்புவது கிரியாட்டின் ஒன்றைத்தான். மோனோஹைட்ரேட் மட்டும், ஒரு நாளைக்கு 3-லிருந்து 5 கிராம், எதில் கலந்தாலும் சரி. முதல் வாரம் 20 கிராம் 'லோடிங்' அவசியமில்லை. எடை ஒன்று, இரண்டு கிலோ ஏறும், அது தசைக்குள் போகும் தண்ணீர். ஆனால் கிட்னியைச் சோதிக்கப் பார்க்கிற கிரியாட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் கூடிக் காட்டும். லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடு, சந்தேகம் வந்தால் கிட்னிக்கான இன்னொரு சோதனை, சிஸ்டாட்டின் சி, பார்ப்பார்கள்.

அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை. சின்னத் தாத்தா கடைசி நாலு வருடம் எப்படி இருந்தார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கிட்னிக்கு 120 கிராம் புரதம் ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே பழுதிருந்தால் செய்யும், பழுது இருப்பது வெளியே தெரியாது.

தங்கச்சிக்கு செமஸ்டர் முடிந்தது. பின்பக்கச் சுவர் கட்டி முடித்தாகிவிட்டது. அப்பா அணைமீன் வாங்கி வந்தார், நீ இல்லாமல் தலையை யார் சாப்பிடுவது என்று கேட்டார். செய்தி அவ்வளவுதான்.

காலேஜில் தண்ணீர் தெளித்து எழுப்பினால்தான் எழுந்திருப்பாய். இப்போது ஐந்து மணிக்கு ஜிம்மில் நிற்கிறாய். சிகரெட்டை விட்டாய். அத்தை வீட்டுக் கல்யாணத்தில் எல்லாரும் உன் தோளைத்தான் பார்த்தார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் தம்பி, தீபாவளிக்கு 67, பொங்கலுக்கு 76. சுண்டலும் பௌடரும் கிரியாட்டினும் சேர்ந்து இரண்டரை மாதத்தில் ஒன்பது கிலோ தசை ஏற்றாது. புதிதாகத் தொடங்கிய பையனுக்கு நல்ல மாதத்தில் ஒரு கிலோ ஏறினாலே அதிகம். பதினாறு வயதில்கூட முகத்தில் வராத பரு, இப்போது முதுகிலும் தோளிலும். தங்கச்சியிடம் எரிந்து விழுந்தாய், அப்புறம் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அலமாரியைத் துடைக்கும்போது கிடைத்த மாத்திரை அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையை ஜிம் பையன்கள் எதற்கு விழுங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை.

உன் ஜிம்மில் யாராவது தசைக்காக ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டால் அவனுக்கு இதைச் சொல்லு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்கிற அந்த ஹார்மோன் வந்தால் மூளை கட்டளையை நிறுத்திவிடும், விரை தன் வேலையை நிறுத்திச் சுருங்கும், விந்தணு குறையும், இல்லாமலே போகலாம். நல்ல கொழுப்பு இறங்கும், ரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும். வாயால் விழுங்குகிற வகை நேரே கல்லீரலில் உட்காரும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைட்டிஸ். பயந்துபோய் ஒரேயடியாகத் தானே நிறுத்திவிட்டு ரூமில் சுருண்டு கிடக்கவும் கூடாது. அப்போதுதான் மனசு பாதாளத்துக்குப் போகும், பலவீனம் வரும். ஹார்மோன் டாக்டரிடம் போய் என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை வாரம் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் போலீஸ் இல்லை. உடம்பு பழையபடி திரும்பி வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், ஆனால் பெரும்பாலும் வரும். ஊசியை நிறுத்திய பிறகு என்று ஜிம்மில் கொடுக்கிற 'பிசிடி' மாத்திரை டாக்டருக்குப் பதில் ஆகாது.

ஆக, ரத்தப் பரிசோதனை. இரண்டாவது தடவையாகச் சொல்கிறேன். பெங்களூரில் எடுக்க விருப்பமில்லை என்றால் இங்கே வா, தெரிந்த லேப் வேண்டாம் என்றால் தெரியாத லேபுக்கே போகலாம், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். எழுதிக்கொள்: கிரியாட்டினின், யூரியா, சிறுநீரில் அல்புமின், லிவர் ஃபங்ஷன், லிப்பிட், ஹீமோகுளோபினும் ஹீமடோக்ரிட்டும், ரத்த அழுத்தம். கூடவே டெஸ்டோஸ்டிரோன், விரைக்கு மூளை அனுப்பும் கட்டளை ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். மூன்று நாள் முன்பிருந்தே எடை தூக்காதே, தசை வலியிலேயே லிவர் சோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி. ஏறிக் காட்டிக் குழப்பும். வெறும் வயிற்றோடு காலை ஏழிலிருந்து பத்துக்குள் ரத்தம் கொடு, டெஸ்டோஸ்டிரோன் மதியத்துக்கு மேல் இறங்கிவிடும். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு, எல்லாப் பக்கமும்.

அம்மா