ஐந்து மாத வேலையும் ஒரு முறம் பான்சிட்டும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. டிசம்பர் வந்தால் இங்கே எந்த வேலையும் நேரத்துக்கு நடக்காது, இந்தப் பதிலும் அதில் மாட்டிக்கொண்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாகப் பட்டறைக் கணக்கு நோட்டைக் கேட்டாராமே, அவர் மாற மாட்டார். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் ஸ்கூலில் தகாலோக் என்ற பிலிப்பைன்ஸ் பாஷையைப் பழகிவிட்டாள், அதில் மரியாதைக்கு வாக்கியத்தோடு "போ" சேர்ப்பார்கள், நம் கோயமுத்தூர் "ங்க" மாதிரி. அவள் போனில் பாட்டியிடமும் அதே மாதிரி பேச, "என்னடா உன் பொண்ணு பேச்சுக்குப் பேச்சு என்னைப் போ போங்குறா" என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, நீ கேட்ட விஷயம். "பிலிப்பைன்ஸ்காரன் பயங்கர சோம்பேறியாமே, கையில காசு இருந்தா மறுநாள் வேலைக்கே வரமாட்டானாமே, ஒரு எடத்துல நிலைக்க மாட்டானாமே, நீ எப்படிடா சமாளிக்கிற?" என்று எழுதியிருந்தாய். யார் சொன்னது? உன் மச்சான்தானே? அதே மச்சான்தான் துபாயிலிருந்து வந்தபோது, "ஆஸ்பத்திரி, ஓட்டல், கடை, எங்க போனாலும் பிலிப்பினோதான், சிரிச்ச முகத்தோட பன்னெண்டு மணி நேரம் நிப்பாங்க" என்று நம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். ஒரே ஜனம் சொந்த ஊரில் சோம்பேறி, துபாயில் சுறுசுறுப்பு என்றால் கோளாறு ஜனத்திலா வேறு எங்காவதா என்று அவரையே கேட்டுப் பார்.

இது புதுக் கேள்வி இல்லை என்பதுதான் வேடிக்கை. நான் குடியிருக்கும் இந்தக் கலாம்பா ஊரில்தான் 1861ல் ஹோசே ரிசால் பிறந்தார். இவர்களுடைய தேசிய வீரர். வீட்டைத் திரும்பக் கட்டி மியூசியமாக வைத்திருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போயிருந்தோம். ஸ்பெயின்காரர்கள் முந்நூறு வருஷம் ஆண்டுவிட்டு, கடைசியில் இந்த மக்கள் சோம்பேறிகள், அதனால்தான் நாடு இப்படி இருக்கிறது என்றார்கள். அதற்குப் பதிலாக ரிசால் 1890ல் லா சொலிடரிடாட் என்ற பத்திரிகையில் ஐந்து பகுதியாக ஒரு கட்டுரை எழுதினார். சோம்பல் இல்லை என்று அவர் சாதிக்கவில்லை. இருக்கிறது, ஆனால் அது நோய்க்குக் காரணமில்லை, நோயால் வந்தது என்றார். வெயில் தேசத்தில் உடம்பு ஓய்வு கேட்கும், இங்கே வந்த வெள்ளைக்காரனே பூட்ஸ் கழற்றவும் விசிறிவிடவும் ஆள் வைத்துக்கொள்கிறானே என்று ஒரு குத்து. ஸ்பெயின்காரன் வருவதற்கு முன்னால் இவர்கள் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள் என்று இன்னொரு குத்து. அப்புறம் கட்டாய வேலை. வருஷத்துக்கு 40 நாள் ஆண்பிள்ளைகள் அரசாங்கத்துக்கு உழைக்க வேண்டும், காட்டில் மரம் வெட்டு, கப்பல் கட்டு என்று. 1884க்குப் பிறகுதான் அது 15 நாளாகக் குறைந்தது. விளைந்ததை எவனோ அள்ளிக்கொண்டு போகிறான் என்று தெரிந்தால் எவன் குனிந்து விதைப்பான்? அவர் குடும்பமே இந்தக் கலாம்பாவில் பாதிரிமாரின் நிலத்தில் குத்தகை செய்து, தகராறு வந்து வெளியேற்றப்பட்ட குடும்பம்தான். 1896 டிசம்பர் 30 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வருகிற 30ஆம் தேதி எங்களுக்கு அதற்காகத்தான் லீவு.

இதை எல்லாம் படித்துத் தெளிந்து இங்கே வந்தவன் நான் என்று நினைத்துக்கொள்ளாதே. வந்த மூன்றாவது மாதம் நான் செய்த காரியத்தைக் கேள்.

எங்கள் தொழிற்சாலையில் காருக்குள் போகும் வயரிங் செய்கிறோம் என்று உனக்குத் தெரியும். வயர் நுனியில் டெர்மினலைக் கவ்வ வைக்கும் மெஷினில் ஒரு பெண், இருபத்திரண்டு வயசு இருக்கும். தொடர்ந்து நாலு பீஸ் தப்பு. ஸ்ரீபெரும்புதூரில் நாம் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்தேன். லைன் நடுவில் நின்று, அந்த நாலு பீஸையும் தூக்கிக் காட்டி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சத்தம் போட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு இன்னும் ஏறியது. திட்டும்போது சிரிக்கிறாளே, என்ன திமிர் என்று நினைத்தேன். "ஓப்போ சார்" (ஆமாங்க சார்) என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலை பார்த்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ராஜினாமா இல்லை, போன் எடுக்கவில்லை, பாக்கிச் சம்பளம் வாங்கக்கூட வரவில்லை.

எங்கள் லைன் லீடர் ஒரு அம்மா. ஐம்பது வயசுக்கு மேல், அவரை எல்லோரும் "ஆத்தே" என்றுதான் கூப்பிடுவார்கள், அக்கா என்று அர்த்தம். எனக்கு வாயில் வசதியாக ஆத்தா என்றே வருகிறது, அவருக்கும் பழகிவிட்டது. அவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: அந்தச் சிரிப்பு திமிர் இல்லை சார், அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஹியா" என்று ஒரு சொல் இவர்களிடம் உண்டு. கூச்சம், மானம், நாணம் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் அது. "வலாங் ஹியா" என்றால் நம் மானங்கெட்டவன். ரொம்பக் கெட்ட வசவு. நாலு பேர் முன்னால் நான் அவளை அப்படி ஆக்கிவிட்டேன். அவள் வேலையை விட்டாள், என்னோடு சண்டை போடவில்லை.

அதோடு முடிந்ததா? அடுத்த இரண்டு வாரம் அந்த லைனில் ஒரு தப்பும் இல்லை! ரிப்போர்ட்டைப் பார்த்து நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். பிறகுதான் கஸ்டமரிடமிருந்து மெயில், நாலு பெட்டி திரும்பி வந்தது. தப்பு இல்லாமல் இல்லை, என்னிடம் சொல்வதற்கு ஆள் இல்லை. மெஷின் செட்டிங் லேசாக நகர்ந்தது அந்த ஷிப்டில் மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றால் ஒருத்தி தரையைப் பார்த்துக்கொண்டு "நஹிஹியா போ" என்றாள், கூச்சமாக இருந்தது என்று. இந்த இடத்தில் இவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. முடியாது என்று இவர்கள் வாயில் வரவே வராது. எல்லாவற்றுக்கும் "எஸ் சார்", அது சம்மதமா, காதில் விழுந்தது என்ற தகவலா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. இப்போது ஆத்தாவின் மேசையில் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். சந்தேகமான பீஸைப் பேசாமல் அதில் போட்டுவிட்டுப் போகலாம், யார் போட்டது என்று கேட்க மாட்டோம். சாயங்காலம் ஆறேழு பீஸ் கிடக்கும். அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

அடுத்தது, நிலைக்க மாட்டார்கள் என்கிறாயே, அது. இதில் உன் மச்சானுக்கு முழு உண்மை தெரியாது. இங்கே சட்டப்படி ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதைத் தாண்டினால் ஆள் நிரந்தரம், காரணமில்லாமல் அனுப்ப முடியாது. தொழிலாளிக்காகப் போட்ட சட்டம்தான். முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஐந்து மாதத்தில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டுப் புது ஆளை எடுக்கிறார்கள், பெரும்பாலும் ஏஜென்சி வழியாக. இதற்கு "எண்டோ" என்று பேர், எண்டு ஆஃப் காண்ட்ராக்ட் என்பதைச் சுருக்கியது. கடைக்காரப் பெண், பேக்கிங் பையன், ஓட்டல் வெயிட்டர், யாரைக் கேட்டாலும் இந்தச் சொல் தெரியும். 2016 அதிபர் தேர்தலில் இதை ஒழிப்பேன் என்றும் சொல்லி டுடெர்டே ஜெயித்தார். அதற்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி அவர் மேசைக்கு வந்தது, 2019 ஜூலையில் அவரே நிராகரித்தார். ஆக, ஐந்து மாதத்துக்கு மேல் உன்னை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டு, இவனுக்கு விசுவாசமே இல்லை என்று அவனே புலம்பினால் என்ன அர்த்தம்? எங்கள் தொழிற்சாலையிலும் பாதிப் பேர் ஏஜென்சி ஆட்கள்தான். நான் அதை மாற்றக்கூடிய இடத்தில் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறேன், அதையும் சேர்த்துப் படி.

போன ஆகஸ்டில் ஒரு பெண்ணுக்கு ஐந்து மாதம் முடிந்தது. கடைசி நாள். நானாக இருந்தால் மதியமே பையைத் தூக்கியிருப்பேன். அவள் காலை ஆறு மணிக்கு ஒரு பெரிய தட்டோடு வந்தாள். மூங்கில் தட்டு, "பிலாவோ" என்பார்கள், அச்சு அசல் நம் முறம்தான். வாழையிலை விரித்து, நிறைய பான்சிட். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், கேரட், இறால் போட்டு வதக்கியது, மேலே சின்னச் சின்ன எலுமிச்சை. லைனில் இருந்த நாற்பது பேரும் சாப்பிட்டோம். போகிறவள்தான் விருந்து வைக்க வேண்டுமாம்! அப்புறம் மெஷினுக்குப் போய், தன் இடத்துக்கு வரப்போகிற பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, பெடலை எவ்வளவு அழுத்தினால் போதும், வயரை எந்த விரலால் பிடித்தால் சாயாது என்று மத்தியானம் வரை சொல்லிக் கொடுத்தாள். ஷிப்ட் முடியும்போது மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு மூடினாள். யாரும் சொல்லவில்லை. ஆத்தாவின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள், பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குவது இங்கே இப்படித்தான். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்து எங்கே என்று கேட்டேன். "தைவான் போ, சார்" என்றாள். அங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் பேப்பர் போட்டிருக்கிறாள். தம்பி இரண்டு பேர் காலேஜ், அப்பா டிரைசிக்கிள் ஓட்டுகிறார். நம் ஆட்டோ மாதிரி, பைக்கோடு பக்கத்தில் பெட்டி கோத்தது. பிரெட்வின்னர் என்ற இங்கிலீஷ் சொல்லைத் தகாலோக் சொல் மாதிரியே இவர்கள் சொல்வார்கள், அநேகமாக வீட்டுக்கு மூத்த பெண்ணைப் பற்றி. இவர்களுக்கு உழைப்பின் விலாசம் வீடு, கம்பெனி இல்லை என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். கப்பலில் போகிறவர்களுக்கு ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருக்கிறது, அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மாதாமாதம் வீட்டுக்குப் போயாக வேண்டும். 1974ல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அரசாங்கமே ஆளை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கொள்கையாக எடுத்தது. இன்றைக்கு 20 லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்த வேலைக்குப் போய் வெளிநாட்டில் இருக்கிறார்கள், 2024ல் வங்கி வழியாக வீட்டுக்கு வந்த பணம் மட்டும் 3,400 கோடி டாலருக்கு மேல். மணிலாவில் 2025 ஜூலையில் குறைந்தபட்ச தினக்கூலியை 695 பெசோ ஆக்கினார்கள், நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம். கலாம்பா இருக்கிற எங்கள் லகுனா மாகாணத்தில் அதைவிடக் குறைவு. நீயாக இருந்தால் தைவானா, கலாம்பாவா?

சம்பள நாள் கதையும் சொல்கிறேன், மச்சான் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மாதம் இரண்டு தடவை, 15ஆம் தேதியும் 30ஆம் தேதியும் சம்பளம். அன்றைக்கு ஏடிஎம் வாசலில் வரிசை, ராத்திரி தெருவெல்லாம் கரோக்கே பாட்டு, மறுநாள் வருகை குறையும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளுக்கு "பெட்ஸா தே பெலிக்ரோ" என்று பேர், ஆபத்தான தேதிகள். டப்பா மத்தி மீன், சோறு, அதோடு சரி. அந்த நாட்களில் கந்துவட்டிக்காரர் பைக்கில் வருவார். ஐந்து வாங்கினால் ஆறு தர வேண்டும், அதனால் "ஃபைவ் சிக்ஸ்". இந்தத் தொழிலில் நம் நாட்டுப் பஞ்சாபிகள் ரொம்ப நாளாக இருக்கிறார்கள், இந்தியர் எல்லோருக்கும் இங்கே "பும்பாய்" என்றே பேர். நான் குடிவந்த புதிதில் ஒரு டிரைசிக்கிள்காரர் வீட்டு வாசலில் தயங்கித் தயங்கி நின்று, "சார், ஃபைவ் சிக்ஸ்?" என்று கேட்டார். வயரிங் கம்பெனி ஆள் என்றதும் அவர் முகத்தில் வந்த ஏமாற்றத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் பதின்மூன்றாம் மாதச் சம்பளம். 1975ல் அப்போதைய அதிபர் மார்க்கோஸ் போட்ட ஆணை, டிசம்பர் 24க்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் வேலை பார்த்தவனுக்கும் அந்த விகிதத்தில் உண்டு. செப்டம்பர் ஒன்றாம் தேதியே கிறிஸ்துமஸ் பாட்டு போட ஆரம்பிக்கிற நாடு இது, அந்தப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே மனசுக்குள் பத்துத் தடவை செலவாகியிருக்கும். ஆகஸ்டில் போன அந்தப் பெண்ணுக்கும் ஐந்து மாதத்துப் பங்கு வர வேண்டியிருந்தது, ஏஜென்சி இழுத்தடித்தது. ஆத்தா அதைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு மூன்று தடவை வந்தார். நான்காவது தடவைக்கு முன்னால் ஒரு வழியாக வந்துவிட்டது. அதற்கு நன்றியாம், நேற்று கேட்டில் எனக்கென்று ஒரு பொட்டலம் விட்டுப் போயிருக்கிறாள், உலர்ந்த மாம்பழம். தைவான் விசா இன்னும் வரவில்லையாம்.

அவள் இடத்தில் இப்போது இருப்பவள் இரண்டாவது ஆள், அவளுக்கு மே மாதம் முடிகிறது. மெஷின் மேல் தம்பி தங்கை போட்டோ ஒட்டியிருக்கிறாள், ஒட்டக்கூடாது என்று விதி, நான் பார்க்காத மாதிரி போய்க்கொண்டிருக்கிறேன்.

பொங்கல் கழித்து ஒரு வாரம் ஊருக்கு வருகிறேன். மாம்பழப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், உன் வீட்டுக்குத்தான். தீபாவளிக்கு ஒரிசா போன உன் லேத் பையன் திரும்பினானா? போகும்போது அவனுக்குக் கணக்குத் தீர்த்தாயா, பாக்கி வைத்தாயா? அதை மறைக்காமல் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பழைய ரூம்மேட்
கலாம்பா, லகுனா