சைகா மான் கொம்புத் தண்ணீர் நமக்கு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கஜகஸ்தான் புல்வெளிகளில் சைகா மான்கள் மீண்டும் பெருகியிருப்பதாகச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்குகளின் பட்டியலிலிருந்து அது 2023 டிசம்பரில் வெளியே வந்ததையும் சரியாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் கொம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த மானுக்கு எமனாக வந்ததே கொம்புதான். அந்தக் கொம்பு விலைபோகும் ஊர்களில் நம் சிங்கப்பூரும் ஒன்று.

நம் பேட்டைகளில் உள்ள சீன மருந்துக்கடைகளில் பார்த்திருப்பீர்கள். மெழுகு நிறத்தில், வளையம் வளையமாக மேடு தட்டிய கொம்பு. அதை மெல்லிய இழைகளாகச் சீவி, மணிக்கணக்கில் கொதிக்கவைத்த தண்ணீர் குப்பியிலும் கிடைக்கிறது. காய்ச்சலுக்கும் உடம்புச் சூட்டுக்கும் நல்லது என்று குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். அன்போடு பக்கத்து வீட்டுக்கும் ஒரு குப்பி தருவார்கள். சூடு என்றால் நமக்கும் புரியுமே, நாமும் வாங்கிக் குடித்துவிடுகிறோம்.

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது கூட்டுப்பண்ணைகள் முடங்கின, பிழைப்புப் போனது, சீன எல்லை திறந்தது. அந்த நேரம் பார்த்து, காண்டாமிருகத்தைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில், அதன் கொம்புக்குப் பதில் சைகா கொம்பைப் பயன்படுத்தலாம் என்று காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகள் சிலவே யோசனை சொல்லின. கொம்புக்காக வேட்டை பெருகி, பத்து லட்சத்துக்கும் மேல் இருந்த மான்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐம்பதாயிரம் அளவுக்குச் சரிந்துவிட்டன.

கொம்பு ஆண் மானுக்கு மட்டும்தான். அதனால் மோட்டார்சைக்கிளில் துரத்தி, ஆணாகப் பார்த்துச் சுட்டார்கள். ரஷ்யாவின் கல்மிக்கியாவில் 2001 வாக்கில் நூறு பெண் மான்களுக்கு வளர்ந்த ஆண் ஒன்றுகூடத் தேறவில்லை. எஞ்சிய ஆணை வலுத்த பெண் மான்கள் சூழ்ந்துகொண்டு இளையவற்றை விரட்டியடித்தன. இளம் மான்களில் பெரும்பாலானவை சினைப்படவே இல்லை. எத்தனை மானைக் கொன்றார்கள் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய கொடுமையாகப் படுகிறது.

அப்புறம் 2015 மே மாதம், குட்டி ஈனும் பருவத்தில், ஒரு பாக்டீரியா நோய் சில வாரங்களுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்களைக் கொன்றது. இப்படி ஒரே அடியில் சாயக்கூடிய இனம். பயிரை மேய்ந்துவிடுவதாகக் கஜகஸ்தான் விவசாயிகள் முறையிடுவது நியாயமான கவலைதான். அதைச் சாக்காக வைத்துக் கொம்பு வியாபாரத்தைத் திறந்துவிட்டால் சந்தை மறுபடியும் ஆண் மானைத்தான் தேடிப் போகும்.

காட்டு சைகாவின் கொம்பை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 2019இல் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் ஒப்பந்தம்) மாநாட்டில் முடிவானது. ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் கையிருப்பை விற்பதை அது தடுக்கவில்லை. சீவிய கொம்பு பழைய இருப்பா, நேற்றுக் கடத்தி வந்ததா என்று வாங்குகிற நமக்கு எப்படித் தெரியும்?

சீன மருத்துவத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அதே கடையில் சாமந்திப்பூத் தேநீர் இருக்கிறது, வீட்டில் பார்லி இருக்கிறது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும், குப்பித் தண்ணீரை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

உங்கள் உடல்நலப் பக்கத்தில் இதை விரிவாக எழுதுங்கள். 'லிங்யாங்' என்று போட்ட குப்பியில் இருப்பது இந்த மானின் கொம்புதான் என்பதையும் மறக்காமல் படத்தோடு போடுங்கள்.

வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்