இளையர் இல்லங்களில் தெளிப்பான் வால்வை மூடிவைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்டடங்களில் தீயணைப்புத் தண்ணீர்த் தெளிப்பான்களைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். குடும்பத்தோடு வாழ இயலாத பதின்ம வயதினர் தங்கும் இல்லங்களில் இந்தச் சாதனம் எப்படி அமைய வேண்டும் என்பதை, அவற்றை நடத்துவோரும் அங்கு செல்லும் தொண்டூழியர்களும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இல்லத்திலிருந்து இரவில் அழைப்பு வந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன், துவைத்த பள்ளிச் சட்டையைக் காயப்போட இடமில்லாமல், ஹேங்கரோடு தெளிப்பானில் மாட்டியிருக்கிறான். காலையில் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று அவன் அதை எட்டி இழுத்தபோது, தெளிப்பானில் தண்ணீரைத் தடுத்து நிற்கும் கண்ணாடிக் குமிழ் உடைந்து, குழாயில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கறுத்திருந்த தண்ணீர் துருநாற்றத்தோடு கொட்டியது. ஒரு தெளிப்பான் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டரோ அதற்கு மேலோ கொட்டும் என்பதால், வால்வை மூடுவதற்குள் மெத்தைகளும் பாடப் புத்தகங்களும் ஊறிப்போயின. ஈரச் சட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி படிக்கட்டில் நின்ற பையன், "அங்கிள், என்னை வெளியே அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டான். உடைந்ததை அன்றிரவே மாற்றிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் பராமரிப்புக்குச் சென்றபோதோ, மறுபடியும் இப்படி நடக்கக்கூடாது என்று அந்த மாடியின் வால்வையே மூடிவைத்திருந்தார்கள். அத்தனை பிள்ளைகளும் மூன்று வாரம் பாதுகாப்பின்றி உறங்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

சிவப்புத் திரவம் அடைத்த அந்தச் சிறு குமிழ் 68 டிகிரி செல்சியஸில் வெடிக்கும். புகைக்கு அது திறக்காது. சினிமாவில் காட்டுவதுபோல எல்லாம் ஒரே நேரத்தில் பொழிவதும் இல்லை, சூடேறியது மட்டுமே திறக்கும். 2025 ஏப்ரலில் சிங்கப்பூரின் ரிவர் வேலி சாலைக் கடைவீட்டில் தீப்பிடித்தபோது, அருகில் வேலையில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள், நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம், சாரத்தையும் ஏணியையும் கொண்டு சிறுவர்களை இறக்கினார்கள். அது காலை நேரம். நள்ளிரவில் ஓர் இல்லத்தில் தீ மூண்டால் சாரத்தோடு யார் வருவார்?

இத்தகைய இடங்களுக்கென்றே கைவைத்துக் கெடுக்க முடியாத தெளிப்பான்கள் செய்யப்படுகின்றன. கூரையோடு படிந்திருப்பதால் அவற்றில் எதையும் மாட்ட முடியாது. கண்ணாடிக் குமிழுக்குப் பதில் வெப்பத்தில் உருகும் உலோக இணைப்பு இருக்கும். தனிக் கருவியின்றிக் கழற்ற இயலாது. சற்று எடை ஏறினாலே தாங்காமல் விட்டுவிடும்படியும் பல வகைகள் அமைக்கப்படுகின்றன. மனம் உடைந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அதுவும் ஒரு காவல். விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் விலை மலிவு என்று கம்பிக்கூண்டு போடுவதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் பிடிக்கவும் மாட்டவும் அந்தக் கூண்டே வசதி செய்து கொடுக்கிறது. வீடுகளிலும் ஹோட்டல்களிலும் காணும் தட்டு மூடிய வகையும் இங்கே போதாது. தட்டை நாணயத்தால் நெம்பிவிடலாம். மேலும், சாயம் அடிப்பவர் அதன்மேலும் அடித்துவிட்டால், தீயின்போது தட்டு கழன்று விழாமல் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

எதைப் பொருத்தினாலும் வால்வு மூடியிருந்தால் பயனில்லை. வால்வைத் திருகினாலே அலாரப் பலகையில் தெரியும்படி ஒரு சுவிட்சை இணைக்கலாம். மாடிதோறும் தனி வால்வும், மாற்றுத் தெளிப்பான்களும் ஸ்பேனரும் கொண்ட பெட்டியும் இருந்தால், ஒன்று உடைந்தாலும் அந்த மாடியை மட்டும் நிறுத்தி, ஆள் வந்த சிறிது நேரத்தில் மாற்றித் தண்ணீரைத் திறந்துவிட முடியும். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சும் குடிமைத் தற்காப்புப் படையும் இளையர் இல்லங்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்குவது குறித்துப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இல்லம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் நாளே தெளிப்பானைக் காட்டி, அது எதற்கு, எப்படித் திறக்கும் என்று சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். துணி காயப்போட, ஊழியர்களின் பார்வையில், அறைக்கு வெளியே ஓர் இடமும் ஒதுக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தெளிப்பான் தொழில்நுட்பர்,
அங் மோ கியோ