‘அலட்சியம்’ என்று நான் எழுதிய சொல்

முக்கூடல்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அவ்வாறே நலமாயிருக்க வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை, மென்பொருள் வேலையை விட்டுவிட்டு மெல்பர்னிலேயே சமூக சேவைப் பட்டப்படிப்பில் சேரப் போவதாக நீ சொன்னபோது, நான் ஒரு வார்த்தையும் பேசாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அதை மறுப்பு என்று நீ எடுத்துக்கொண்டிருந்தால், அப்படி இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் பால்வாடி டீச்சராக இருந்தவளுக்கு, தன் மகளும் அந்த வழிக்கே வருகிறாள் என்று கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. சொல்ல வேண்டியவையும் போனில் சொல்லி முடிக்கக் கூடியவையாக இல்லை. ஆகையால் எழுதுகிறேன்.

அப்பாவின் கவலை இரண்டு. முப்பத்து நான்கு வயதில் மறுபடியும் மாணவியாவது ஒன்று. பொறியியல் படித்ததெல்லாம் வீணாகிறதே என்பது மற்றொன்று. முதலாவதற்கு, நம் திருநெல்வேலியில் பிறந்த டாக்டர் சௌந்தரம் அம்மையாரை நான் அவருக்கு நினைவுபடுத்தினேன். சிறு வயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்து, அதன் பின் படிக்கப் புறப்பட்டு, 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார். திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1947-இல். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது, அந்தப் படிப்பு மொத்தம் எத்தனை ஆண்டு என்று அவராகவே கேட்டார். இரண்டாவது கவலைக்கு என்னிடம் பதில் இல்லை. அதை நான் பெரிதாக நினைக்கவும் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் நன்றாக விசாரித்துக்கொள். சமூக சேவை, சமூகப்பணி இரண்டும் நம் காதுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. நீ இருக்கும் நாட்டில் அவை வெவ்வேறு படிப்புகள் என்பது நீ அனுப்பிய விவரங்களைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நீ சேரப் போகும் பட்டத்தைக் கொண்டு முதியோர், மாற்றுத்திறனாளிகள், வீடில்லாதவர்கள் ஆகியோருக்கான அமைப்புகளில் வேலைக்குப் போகலாம். ஆனால் மருத்துவமனையில் சமூகப்பணியாளராக அமர வேண்டும் என்று பின்னாளில் தோன்றினால், ஆஸ்திரேலிய சமூகப்பணியாளர் சங்கம் அங்கீகரித்த சமூகப்பணிப் பட்டத்தைக் கேட்பார்கள். அந்தப் பட்டத்துக்கு 1000 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 125 நாள் வருகிறது. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டாண்டு முதுகலைச் சமூகப்பணிப் படிப்பும் இருக்கிறது என்பதால், எந்த வாசல் வழியாகப் போவது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. உன் படிப்பில் களப்பயிற்சி எத்தனை மணி நேரம் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பாடத்தின் பெயர்களெல்லாம் பிறகு. இங்கே சமூகப்பணி முதுகலை படிக்கும் பிள்ளைகள் களப்பணிக்காக என் மையத்துக்கு வந்ததுண்டு. வாசலில் நின்றபடியே கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேச்சுக் கொடுத்து, நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டறியாத சங்கதியை ஒரு மணி நேரத்தில் கேட்டறிந்து போனவர்களும் உண்டு.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதை அப்பாவைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு அது. மாதந்தோறும் குழந்தைகளை எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பெண், தன் ஒன்றரை வயதுக் குழந்தையை மூன்று மாதமாகக் கொண்டு வரவில்லை. அந்தக் குழந்தை முன்பே எடைக்குறைவில் இரண்டாம் நிலையில் இருந்தது. ஆள் விட்டுச் சொல்லியும் வராததால் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் தெருக்குழாயடியில் அவளைக் கண்டு, நாலு பேர் முன்னால், பெற்றால் மட்டும் போதாது, பார்த்து வளர்க்கவும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒரு பதிலும் சொல்லாமல் போய்விட்டாள். மையத்துக்குத் திரும்பி வந்து, குழந்தையின் பெயருக்கு நேரே ‘தாயின் அலட்சியம்’ என்று எழுதினேன். பார்வையிட வந்த அதிகாரி அதைப் படித்து, சரி என்று தலையசைத்தார். அதன் பிறகு சத்துமாவு வாங்குவதற்குக்கூட அவள் வரவில்லை.

உன் ஆச்சிதான் என்னைத் திருத்தினாள். பீடி சுற்றியே எங்கள் நால்வரையும் வளர்த்தவள் அவள் என்பது உனக்குத் தெரியும். காலையில் பீடிக் கடை வரிசையில் நிற்பவள், பத்து மணிக்கு நீ தூக்கிப் பிடிக்கும் தராசுக்கு எப்படி வருவாள் என்று கேட்டாள். இந்தத் தெருவிலேயே பிறந்து, பீடித் தூளின் நெடியிலேயே வளர்ந்த எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பயிற்சி முடித்து, பதிவேடு கைக்கு வந்ததும், என் தாயை நான் பார்த்த கண்ணை எங்கோ கழற்றி வைத்துவிட்டேன் போலும்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். தார்சாவில் சுளகை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. நானாகவே உட்கார்ந்து, அவள் சுற்றிப் போட்ட பீடிகளை எடுத்து வாய் மடக்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் அவள் பேசினாள். கணவன் கேரளத்துக்குக் கூலி வேலைக்குப் போய்ப் பல மாதமாகிறது, பணம் வரவில்லை. உள்ளே மாமியார் படுத்த படுக்கை. கடையில் கொடுக்கும் இலை சொத்தையாக இருந்தால் கணக்குக்குப் பீடி வராது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கிச் சுற்றித்தான் கணக்கை நேர் செய்ய வேண்டும். காலையில் கடைக்குப் போய் எண்ணிக் கொடுத்து, கழிவு போக மிச்சத்தை எழுதி வாங்கி, மறுநாளைக்கு இலையும் தூளும் பெற்றுத் திரும்பும்போது மையத்தை நான் பூட்டியிருப்பேன். அவள் அலட்சியமாக இருந்த ஒரு மணி நேரம் அந்த நாளில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. குழந்தையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாம் நிலைக்கு இறங்கியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் தராசை அந்தத் தெருவுக்கே எடுத்துக்கொண்டு போய், அவள் வீட்டு உத்தரத்தில் தொங்கவிட்டேன். அவள் குழந்தை மட்டுமன்றி, என் பதிவேட்டில் ஒழுங்காக வராதவை என்றிருந்த இன்னும் ஏழு குழந்தைகள் வந்தன. அந்தக் குழந்தை தேறி எழும்ப எட்டு மாதம் ஆயிற்று. பதிவேட்டில் எழுதியதை அடித்தேன்; ஆனால் அடித்த கோட்டுக்குக் கீழே அந்தச் சொல் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

இதை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நீ படிக்கப் போகும் படிப்பில் பாதி வேலை எழுத்து வேலை. சந்தித்தவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவாய், அறிக்கை எழுதுவாய், பரிந்துரை எழுதுவாய். மூன்று மாதமாக எடை பார்க்க வரவில்லை என்பது நான் கண்டது. அலட்சியம் என்பது நான் சேர்த்தது. கண்டதை மட்டும் எழுதிவிட்டு, ஏன் என்று கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை அவர்கள் சொன்னபடியே எழுது. நீ எழுதியதை அந்த மனிதரே பின்னொரு நாள் கேட்டு வாங்கிப் படிக்கக் கூடும். உன் நாட்டிலேயே அது நடந்திருக்கிறது. பூர்வகுடித் தாய்மாரிடமிருந்து நலன் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் பிள்ளைகளைப் பிரித்தெடுத்துப் போனதைப் பற்றி 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கையையும், 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதையும் நீதான் எனக்குச் சொன்னாய். அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் வளர்ந்து வந்து தம் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள் என்று நீ சொன்னபோது, என் பதிவேட்டின் அந்தப் பக்கம்தான் என் கண்முன் வந்தது. அந்தக் கோப்புகளை எழுதியவர்களிலும், தாம் நல்லது செய்வதாக நம்பியவர்கள் இருந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

உதவி பெறுபவரே முடிவு செய்ய வேண்டும் என்பதை அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான காப்பீட்டுத் திட்டத்தில் விதியாகவே வைத்திருக்கிறார்கள், அவர்களைப் பங்கேற்பாளர் என்றுதான் அழைக்கிறார்கள் என்று சொன்னாயல்லவா? அது நமக்குப் புதியதன்று. நீ பள்ளியில் படிக்கும்போது ஆய்க்குடிக்கு உன்னை அழைத்துப் போனது நினைவிருக்கும். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த பின் ராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அது. சக்கர நாற்காலியில் இருப்பவரே அங்கே நடத்துநர். நாமெல்லாம் அவர் சொல்வதைக் கேட்டு நடப்பவர்கள். அன்று நீ ஒரு பையனின் நாற்காலியைக் கேட்காமலே தள்ளப் போய், அவன் வேண்டாம் என்று சொன்னதும் முகம் சிவந்து நின்றாய்.

குழந்தைகளோடு வேலை செய்யும்போது ஒன்றில் கவனமாயிரு. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதே. இங்கே 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளானது தெரிந்தால் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும். அங்கேயும் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டியவர்கள் யார் என்று சட்டம் இருக்கிறது. யாரிடம், எதற்காகச் சொல்லப் போகிறாய் என்பதை முன்னதாகவே அந்தப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிட்டால், அது உன்னை நம்பும்.

களப்பயிற்சியில் மேற்பார்வையாளர் ஒருவர் அவ்வப்போது உன்னோடு உட்கார்ந்து பேசுவார் என்று எழுதியிருந்தது. அந்த நேரத்தைக் கடமைக்குக் கழிக்காதே. என் முப்பது ஆண்டில் எனக்கு அப்படி ஒருவர் வாய்த்ததில்லை. வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் வந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டுவிட்டு வீடு திரும்பி, ஏன் என்று தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுகையையும் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் அந்தப் படிப்புக்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

களப்பயிற்சி நாட்களில் பேத்தியை யார் பார்த்துக்கொள்வது என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். பயிற்சி எந்த மாதம் தொடங்குகிறது என்று தெரிந்ததும் எனக்குச் சொல். என் பாஸ்போர்ட் அடுத்த ஆண்டோடு முடிகிறது; அப்பா என்னைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போய்ப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் வந்து இருந்துவிட்டு வருகிறேன். தான் சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வதாக அவரே சொன்னார்.

அன்புடன்,
அம்மா