அம்மானுக்கு: சர்க்கஸ்காரர்கள் ஏன் சிரிக்கவில்லை?

அன்புள்ள அம்மானுக்கு,

போன மாதம் காரைக்குடி வந்தபோது போனில் பிக்காசோவின் சர்க்கஸ் படங்களைக் காட்டினேன். "இழவு வீட்டுல உக்காந்த மாதிரி போட்டிருக்கானே!" என்று சொல்லிவிட்டுப் பட்டாலையில் சாய்ந்துவிட்டீர்கள். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

நான் மூன்றாவது படிக்கையில் பொட்டலில் சர்க்கஸ் போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி ஜிகினா உடையில் பார் விளையாடிய அக்காவை மறுநாள் காலை உங்கள் சைக்கிளில் இருந்து பார்த்தேன். நைட்டியோடு, மூன்று கல் கூட்டி உலை வைத்துக்கொண்டிருந்தார். கூடாரக் கயிற்றில் அந்த ஜிகினாச் சட்டை காய்ந்தது. "அங்க என்ன பார்வை?" என்று வேகமாக மிதித்தீர்கள். பிக்காசோ சைக்கிளை அங்கே நிறுத்தியவர். 1905 வாக்கில் பாரிசின் மெட்ரானோ சர்க்கஸே கதி என்று கிடந்தவர், வித்தையை விட்டுவிட்டு, குரங்கோடும் குழந்தையோடும் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைப் போட்டார்.

துலூஸ்-லோத்ரெக் என்ற பிரெஞ்சு ஓவியர் இன்னும் ஒருபடி மேலே. 1899இல் குடி முற்றி மருத்துவமனையில் அடைபட்டிருந்தபோது, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று காட்ட, நினைவிலிருந்தே சர்க்கஸை வரைந்தார். குதிரை, கோமாளி எல்லாம் உண்டு. பார்க்கிறவர்களின் வரிசைதான் பெரும்பாலும் காலி.

அப்புறம், பிக்காசோவின் படங்களை "அச்சுப் படம்தானே, நகல்தானே" என்றீர்கள். உங்கள் பட்டாலை ரவிவர்மா லட்சுமிக்கு வேண்டுமானால் அது சரி; அங்கே ஓவியம் தனி, அச்சு தனி. பிக்காசோவுக்கு, மை தடவித் தாளில் அழுத்தும் உலோகத் தகடுதான் ஓவியம். தகட்டில் ஊசியால் நேராகக் கீறினால், உழுத மண் மாதிரி கோட்டோரம் பிசிறு எழும். மை அதில் தங்குவதால் கோடு வெல்வெட் போல மெத்தென்று விழும். ஆனால் சில பத்துத் தாள் போட்டதுமே பிசிறு நசுங்கிவிடும். 1913இல் வோலார் என்ற வியாபாரி தகடுகளுக்கு எஃகுப் பூச்சு கொடுத்து 250 பிரதி எடுத்தார். அவற்றில் அந்த மெத்து போய்விட்டது. வியாபாரிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? (கோபிக்காதீர்கள்.)

பொங்கலுக்கு ஒரு செப்புத் தகடு கொண்டு வருகிறேன். டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறீர்களே கிராமபோன் ஊசி, அதில் ஒன்று மட்டும் தாருங்கள். அந்த அக்காவை நினைவிலிருந்து கீறிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்