15 வருஷம் கழித்து வந்த கவர்

மாப்ள,

எப்படி இருக்கே, சுகர் கட்டுக்குள் இருக்கா? போனில் சொன்னால் பாதியிலேயே "இன்னொரு கால் வருது" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் ஒன்றுதான்: கரஸ்ல (தபால் வழியில்) படித்த பி.ஏ.யில் நான் பாஸ். போன செவ்வாய்க்கிழமை கவர் வந்தது. பஸ்ஸில் நைட் கண்டக்டர் டூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன், வீட்டில்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். எழுந்து பார்த்தால் சாமி படத்துக்குப் பக்கத்தில், கேஸ் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. 2009-ல் சேர்ந்தது, 2024 டிசம்பர் பரீட்சையில்தான் கடைசி அரியர் கிளியர் ஆனது. நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நாம் ரெண்டு பேரும் சேர்ந்துதானே அப்ளிகேஷன் வாங்கினோம். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டி.டி.யா எடுக்கலாமா மேடம்" என்று நீ பேங்கில் கேட்டதற்கு, "நீங்க படிக்கத்தான் போறீங்களா?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார்களே, நான் மறக்கவே இல்லை. முதல் பரீட்சைக்கு முன்னாடியே நீ பவர்டேபிள் (பனியன் தைக்கும் மெஷின்) போடுகிறேன் என்று திருப்பூர் போய்விட்டாய். உன் புத்தகக் கட்டை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய், அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் என் கட்டு ஒரு ஐப்பசி மழையில் வண்டிக்குள்ளேயே நனைந்து ஊறிவிட்டது. (அந்த வண்டியில் வெளியே பெய்வதைவிட உள்ளே அதிகம் பெய்யும்.) அப்புறம் கடைசிவரை உன் பெயர் எழுதிய புத்தகத்தில்தான் படித்தேன்.

ஏன் இவ்வளவு வருஷம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பாடம் கஷ்டமில்லை, நேரம்தான். ஒழுங்காகப் படிக்கக் கிடைத்த இடம் மேகமலை நைட் ஹால்ட் மட்டும்தான். ராத்திரி கடைசி டிரிப் போய் மேலே வண்டியை நிறுத்தினால் காலையில் இருட்டோடு கிளம்பணும், நடுவில் உள்ள நேரம் என்னுடையது. உள்ளே லைட் போட்டால் டிரைவர் அண்ணன் "பேட்டரி இறங்கிடும்பா" என்பார். அதனால் மூணு பேர் சீட்டில் படுத்து, கலெக்‌ஷன் பையைத் தலைக்கு வைத்து, டார்ச்சைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு படிப்பேன். திரும்பிப் படுத்தால் பைக்குள் சில்லறை காதில் குத்தும். நாலு பக்கம் தாண்டுவதற்குள் குளிரில் விரல் விறைத்துப்போகும். கடைசி சீட்டில் அண்ணன் விடும் குறட்டைக்கு யானைகூடக் கிட்ட வராது.

அப்படி ஒரு ராத்திரிதான், தமிழக வரலாற்றுப் பேப்பரில் பாண்டியர் பாடத்தில் 'சின்னமனூர்ச் செப்பேடுகள்' என்று ஒரு வரி வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான் தினமும் நாலு தடவை தொண்டை கிழிய "சின்னமனூரெல்லாம் இறங்கு" என்று கத்துகிற அதே சின்னமனூர்! பத்தாம் நூற்றாண்டு ராஜசிம்ம பாண்டியன் காலத்துச் செப்பேடு. மதுரையில் சங்கம் வைத்ததும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் அதில்தான் எழுதியிருக்கிறதாம். தாங்க முடியாமல் அண்ணனை எழுப்பி, "அண்ணே, நம்ம சின்னமனூர்ல செப்பேடு கிடைச்சிருக்குண்ணே" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமல், "எந்த ஸ்டாப்ல? டெப்போவுல ஒப்படைச்சிடு" என்றார்.

அதே மேகமலைதான் ஒரு வருஷத்தைத் தின்றதும். காலை பத்து மணிக்குத் தேனியில் பரீட்சை. முந்தின நாள் எனக்குப் பதில் போக ஆள் இல்லை என்று நைட் ஹால்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் சீக்கிரம் இறங்கிவிடலாம் என்றுதான் நானும் போனேன். ராத்திரி முழுக்க மழை. இறங்கும்போது நடுவழியில் ரோட்டில் பாறை. அந்த மலையில் 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ பேர் வைத்திருக்கிறார்கள், நான் என்ன பூவில் மாட்டினேன் என்று பார்க்கக்கூட மனசு வரவில்லை. எஸ்டேட் ஆட்கள் கடப்பாரையோடு வந்து பாறையை உருட்டி முடித்தபோது மணி பத்தரை. தென்பழனி செக்போஸ்ட்டில் டீ வாங்கிக் கொடுத்து அண்ணன், "அடுத்த வருஷம் எழுதிக்கப்பா" என்றார். அவருக்குத் தெரியாது, நான் அந்த 'அடுத்த வருஷம்' என்கிற சொல்லை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று.

அதுக்குள் கெடு வேறு முடிந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குள் முடிக்கணும் என்று கணக்கு இருக்கிறதல்லவா, 2015-ல் மறுபடி பணம் கட்டி ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதாயிற்று. சிலபஸ் மாறி, பாஸான பேப்பரில் சிலது செல்லும், சிலது செல்லாது என்றார்கள். எது எது என்று கேட்க மூணு தடவை லீவு போட்டுப் போனேன், மூணு கவுன்ட்டரில் மூணு பதில். அந்த ஆபீஸ் பேரை எழுதினால் கை கூசும், விடு.

நடந்த ஒரே நல்ல காரியம் 2018 ஜனவரி பஸ் ஸ்டிரைக். எட்டு நாள். சங்கத்துப் பந்தலில் கோஷம் போட்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் ஐரோப்பிய வரலாறு படித்தேன். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னால் ரொட்டி விலை ஏறி ஜனங்கள் கொதித்துப்போன பாடத்தை முடித்து வேலைக்குத் திரும்பினேன், அதே மாசம் இங்கே டிக்கெட் விலை ஏறியது. ஏத்தினது யாரோ, திட்டு வாங்கினது நான். ஒரு பாட்டி முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை என் கையில் கொட்டி, "எடுத்துக்கோடா, எல்லாத்தையும் எடுத்துக்கோ" என்றது. 1789-க்கு அந்தத் தடவை நான் எழுதிய பதில் பக்கம் பக்கமாகப் போனது.

கடைசியில் கழுத்தைப் பிடித்தது இங்கிலீஷ். பாஸ் மார்க் 40. எனக்கு 36, 38, அப்புறம் 39. அந்த 39-க்கு மறுகூட்டல் பணம் கட்டினேன், 'நோ சேஞ்ச்' என்று வந்தது. 2020-ல் அரியர் வைத்தவர்களெல்லாம் பாஸ், பரீட்சை பீஸ் கட்டியிருந்தால் போதும் என்று அறிவித்தார்களே, என் பையன் துள்ளிக் குதித்து ஓடி வந்தான். நான் அந்தத் தடவை பீஸே கட்டவில்லை. (அப்புறம் கோர்ட்டில் அது நிற்கவில்லை என்றதும்தான் எனக்கு வயிறு குளிர்ந்தது. கெட்ட புத்திதான், உன்னிடம் சொல்வதற்கென்ன.)

பரீட்சை ஹாலில் ஒரு பெண், பேர்கூடத் தெரியாது. என் நம்பருக்கு அடுத்த நம்பர், அதனால் எப்போதும் முன் பெஞ்ச். முதலில் பார்த்தபோது நிறைமாசம், எழுதிக்கொண்டே இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு பாட்டி குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஹாலுக்குள் அழுகைச் சத்தம் கேட்டால் அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிடும். அப்புறம் ஒரு தடவை அந்தக் குழந்தை யூனிஃபார்மில் மரத்தடியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த தடவை முன் பெஞ்ச் காலி. பாஸாகியிருக்கும் என்றே வைத்துக்கொண்டேன்.

"கரஸ்ல படிச்சது செல்லுமா?" என்று டெப்போவில் கேட்கிறார்கள். அங்கீகாரம் உள்ள இடமென்றால் காலேஜ் போய்ப் படித்ததும் இதுவும் சமம் என்று 2022 செப்டம்பரிலேயே யுஜிசி சொல்லிவிட்டது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "அப்ப சம்பளம் ஏறுமா?" என்றார்கள். ஏறாது. சர்வீஸ் கமிஷனுக்கும் வயசு போயிற்று. வீட்டுக்காரி மட்டும் ரேஷன் கடை முதல் கோயில்வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பிரேம் போடணும் என்கிறாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சரி, உன் புத்தகங்கள் இங்கேதான் இருக்கின்றன. சிலபஸ் மாறிவிட்டது, படிக்க உதவாது. பழைய பேப்பர்க்காரனுக்குப் போட மனசில்லை. அதில் முதல் பக்கத்தில் உன் பேரை எழுதி, அதுக்குப் பக்கத்தில் 'பி.ஏ.' என்று எழுதி, அப்புறம் அதை நீயே அடித்து வைத்திருக்கிறாய். எப்போது அடித்தாய் என்று கேட்கணும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவாயல்லவா? எனக்கு அந்த எட்டு நாளும் ஸ்பெஷல் பஸ்தான், லீவு கிடைக்காது. தேனி ஸ்டாண்டில் என் வண்டி பார்த்து ஏறு, புத்தகக் கட்டை அங்கேயே கையில் தருகிறேன். டிக்கெட் எடுக்கணும், சொல்லிவிட்டேன்.

உன் மாப்ள