புள்ளி வந்து சேர்ந்தது: எங்கள் பலகையை ஃபிடோநெட்டில் இணைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை வெளியான ஃபிடோநெட் முனைப் பட்டியலில் (அந்த வலையில் சேர்ந்த ஒவ்வொரு பலகையும் ஒரு முனை) பினாங்கிலிருந்து எங்கள் தகவல் பலகையும் ஒரு வரியாக இடம்பிடித்துவிட்டது. தகவல் பலகை என்பது கணினி வழியே வந்து செய்தி படித்து எழுதிப் போகும் இடம், ஆங்கிலத்தில் பிபிஎஸ். பார்த்தவர்கள் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். பலகையை நடத்துகிறவன் நான் என்பதால் வாழ்த்தெல்லாம் என் வாசலுக்கே வருகிறது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த உழைப்பில் பாதிக்கு மேல் மற்றவர்களுடையது. அதைப் பத்துப் பேர் அறியச் சொல்லிவிட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

ஃபிடோநெட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1984இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர், தன் கணினிப் பலகையும் பால்டிமோரில் ஜான் மாடில் நடத்திய பலகையும் இரவு நேரத்தில் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்துக் கடிதங்களை மாற்றிக்கொள்ளும்படி ஒரு நிரல் எழுதினார். இரவில் கட்டணம் குறைவு, தொலைபேசியும் சும்மா கிடக்கும். அது பரவிப் பரவி, 1990களின் நடுவில் உலகம் முழுக்க 30,000க்கும் மேற்பட்ட பலகைகள் சேர்ந்த அஞ்சல் வலையாக ஆனது. முதலாளி கிடையாது, சம்பளம் கிடையாது. அவரவர் வீட்டுக் கணினி, அவரவர் மின்கட்டணம். இணையம் வந்ததும் சுருங்கியதே தவிர நின்றுபோகவில்லை. இப்போது மோடத்துக்குப் பதிலாகப் பிங்க்பி என்ற நெறிமுறை, இணையத்தின் வழியே 24554ஆம் போர்ட்டில் கடிதப் பொட்டலங்களைக் கொண்டுபோகிறது. ஆசியாவுக்கு முன்பு 6ஆம் மண்டலம் என்று தனியாகவே இருந்தது. ஆள் குறைந்துபோனதால் 2007இல் மிச்சமிருந்த முனைகளை ஆஸ்திரேலியா இருக்கும் 3ஆம் மண்டலத்தோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் முகவரி 3 என்று தொடங்குவது அதனால்தான்.

முதல் நன்றி ஜெலுத்தோங் மாமாவுக்கு. பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சரி. 90களில் அவர் வீட்டிலேயே ஒரு பலகை நடத்தியவர். பலகைகள் ஒன்றையொன்று அழைக்க ஒதுக்கிய 6ஆம் மண்டலத்தின் அஞ்சல் நேரம் நம் கடிகாரப்படி அதிகாலை 4 மணியிலிருந்து 5 மணி வரை. அந்த ஒரு மணி நேரம் வீட்டுத் தொலைபேசியை யாரும் தொடக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டமாம். அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அவரைக் கேலி செய்கிறார். நான் யாருடைய முனைக்காவது கீழே ஒரு பாயிண்டாக, அதாவது துணைப் பயனராக, ஒட்டிக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். மாமா விடவில்லை. "ஊருக்குன்னு ஒரு பலகை வைக்கிற, முழு முனையா வை. நாளைக்கு ஒனக்குக் கீழ நாலு பேரு வரணும்ல?" என்றார். விண்ணப்பக் கடிதத்தை எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது, அவர்கள் சோதனைக் கடிதம் அனுப்பினால் எப்படிப் பதில் போடுவது எல்லாம் அவர் சொல்லித் தந்தவைதான். 1989இல் எழுதப்பட்ட அந்த வலையின் கொள்கை ஆவணத்தை முழுவதும் படிக்கவைத்ததும் அவரே. நீளமான ஆவணம், பாதி தூக்கம் வரும். ஆனால் அதன் சாரம் இரண்டே விதி: பிறரை அளவுக்கு மீறி எரிச்சலூட்டாதே, நீயும் சட்டென்று எரிச்சலடையாதே. நம் வாட்ஸ்அப் குழுக்களின் வாசலில் எழுதி ஒட்டலாம் என்று தோன்றியது.

அடுத்து, லிட்டில் இந்தியா பக்கத்தில் அச்சகம் நடத்தும் அண்ணன். என் வீட்டு இணைப்பில், பல வீடுகளுக்குச் சேர்த்து வெளியே ஒரே பொது முகவரிதான் தெரியும். நான் வெளியே அழைக்கலாம், வெளியிலிருந்து என்னை யாரும் அழைக்க முடியாது. வீட்டிலிருந்து பிறரை வந்து அழைக்கச் சொல்வது நடக்காத காரியம். அச்சக இணைப்பில் நிலையான முகவரி இருந்தது. விஷயத்தைச் சொன்னதும், அண்ணன் "அதுக்கென்ன, எடுத்துட்டு வா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். காகிதம் வெட்டும் இயந்திரத்துக்கு மேலே இருந்த அலமாரியில், கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்று, ஒரு சின்ன வட்டு, அவ்வளவுதான் மொத்தப் பலகையும். அச்சகப் பையன்கள் அதற்குத் "தபால் பெட்டி" என்று பெயர் வைத்து, காலையில் கடை திறக்கும்போது விளக்கு எரிகிறதா என்று பார்த்து எனக்குச் செய்தி போடுகிறார்கள். தம்பிகளே, உங்களுக்கும் நன்றி.

எங்களுக்கு அஞ்சல் தரும் மேல்முனைக்காரர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, இந்த மடலை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். இணைப்புக்கு ஒரு கடவுச்சொல், பொட்டலத்துக்கு ஒன்று, எந்தெந்தச் செய்திப் பகுதி வேண்டும் என்று கேட்டு வாங்கும் ஏரியாஃபிக்ஸுக்கு இன்னொன்று. இந்த மூன்றையும் பொருத்தி, முதல் பொட்டலம் போய்த் திரும்பும் வரை என் கூடவே விழித்திருந்தார். அவருக்கு நள்ளிரவு தாண்டியிருந்தது. பைசா வாங்காமல் இதை யாராவது செய்வார்களா என்று கேட்டால், அந்த வலையில் எல்லோரும் செய்கிறார்கள்.

இனி இந்த மடலின் தலைப்புக்குக் காரணமான கதை.

அஞ்சல் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் செய்வதுபோல் நாங்களும் சோதனைப் பகுதியில் தமிழில் ஒரு வணக்கம் போட்டோம். ஆங்கில வரிகள் சுத்தமாகப் போயின. தமிழில் மட்டும் அங்கங்கே கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. "வணக்கம்" என்ற சொல்லிலேயே இரண்டு. எழுத்துரு சரியில்லை என்றார் ஒருவர், திரையில் காட்டும் நிரலை மாற்றிப் பார் என்றார் இன்னொருவர். மாற்றிப் பார்த்தோம், அதே கட்டம் அதே இடத்தில்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதிக்கும் வேலை பார்க்கும் ஒரு தங்கை பலகைக்கு வந்து போவார். அவர் ஷிஃப்ட் முடிந்து நேராக அச்சகத்துக்கு வந்தார். பசியாறக்கூட இல்லை. நாங்கள் அனுப்பிய பொட்டலத்தையும் திரும்பி வந்ததையும் பைட் பைட்டாக எண்களில் அச்சிடச் சொன்னார். அச்சகத்தில் தாளுக்கா பஞ்சம்? இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். ஒரு பக்கம் கூட முடியவில்லை, நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, வேற ஒன்னும் போகல. புள்ளி மட்டும்தான் போயிருக்கு."

காரணம் இதுதான். யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் அனுப்பும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (எழுத்து, அதோடு சேரும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) மூன்று பைட்டாகப் போகிறது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு உரியவை 224, 175, 141. ஃபிடோநெட்டின் பழைய விதியிலோ 141 என்பது எழுத்தே அல்ல. எழுதும் நிரல் திரையின் ஓரத்தில் வரியைத் தானாக மடித்த இடத்துக்கான அடையாளம் அது, மென் வரிமுறிவு என்று சொல்லலாம். வாங்குகிற நிரல் அதைக் கண்டுகொள்ளக்கூடாது என்பது விதி. சில நிரல்கள் ஒரு படி மேலே போய் அதைத் தூக்கியே எறிந்துவிடும். 224உம் 175உம் மட்டும் அநாதையாக நிற்க, திரை அதற்குக் கேள்விக்குறி போட்டுவிடுகிறது. தமிழ் எழுத்துகள் அத்தனையிலும் 141 இருப்பது புள்ளியில் மட்டும்தான். உயிரும் உயிர்மெய்யும் தப்பித்துக்கொள்ள, மெய் மட்டும் அடிபட்டது. நல்ல வேளை, அல்லது கெட்ட வேளை.

பலகைக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று நம் முன்னோர் புள்ளி இல்லாமலேதான் எழுதினார்கள், சுவடி படிக்கத் தெரிந்தவனுக்கு இது ஒரு பொருட்டா என்றார். ஐயா, உங்களுக்கு இல்லை, எங்களுக்கு இருக்கிறது.

எங்கள் பக்கத்துச் சிக்கல் எளிதில் தீர்ந்தது. வரும் பொட்டலத்தைப் பிரித்து அடுக்கும் நிரலில் மென் வரிமுறிவை நீக்கும் அமைப்பு முதலிலிருந்தே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அதை அணைத்ததும் வருகிற தமிழ் முழுசாக வந்தது. போகிற தமிழ் வழியில் எங்கே புள்ளியைத் தொலைக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அங்கேதான் ரஷ்யாவிலிருந்து ஒரு பலகைக்காரர் உதவிக்கு வந்தார். சோதனைப் பகுதியில் எங்கள் வரியை மேற்கோள் காட்டிப் பதில் எழுதியிருந்தார், அதிலும் கேள்விக்குறிகள். அவருக்கு இந்த நோய் பழக்கம். அந்தக் காலத்தில் ரஷ்யர்கள் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கணினிகளில் பயன்படுத்திய குறியீட்டில் 141ஆம் இடத்தில் இருந்தது அவர்களுடைய பெரிய 'ந' எழுத்து. பார்வைக்கு ஆங்கில எச் மாதிரியே இருக்கும். அஞ்சலில் அது காணாமல் போகிறது என்று தெரிந்ததும், அதற்குப் பதில் ஆங்கில எச்சையே தட்டிப் பழகிக்கொண்டார்களாம். அவர்களுக்கு ஒரு மாற்று கிடைத்தது, நம் புள்ளிக்கு எதைப் போய் வைப்பது?

எங்கள் செய்தி அவரிடம் வந்து சேர்ந்தபோது அதன் அடியில் இருந்த பாதை வரியை அந்த ரஷ்யர் அப்படியே எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு செய்தியும் எந்தெந்த முனைகளைத் தாண்டி வந்தது என்பது அதில் வரிசையாகப் பதிவாகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலிய நண்பர் ஒவ்வொரு முனைக்காரராகக் கேட்டார். நடுவில் ஒருவர் டாஸ் காலத்து நிரலை, பழைய கணினியைப் போல நடிக்கும் பாவனைக் கணினியில் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நிரலைத் திருத்த ஆளில்லை, மூலநிரலும் இல்லை. அந்தப் பெரியவர் அதை விட மனமில்லாதவர், அதில் தவறும் இல்லை. நண்பர் எங்கள் பகுதிகளை மட்டும் வேறு வழியாகத் திருப்பிவிட்டார். மறுநாள் ரஷ்யரின் மேற்கோளில் "வணக்கம்" இரண்டு புள்ளியோடும் வந்திருந்தது. தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஷிஃப்டில் இருந்ததால் கட்டைவிரல் ஒன்றை மட்டும் பதிலாகப் போட்டார்.

பொறுமை காத்த பலகை வாசகர்களையும் விட்டுவிடக்கூடாது. ஃபிடோநெட் பொட்டலத்தில் அனுப்புநர் பெயருக்கு 36 பைட்தான் இடம், அதில் கடைசி ஒன்று முடிவுக்குறிக்குப் போய்விடும். கணக்குப் பார்த்தால் தமிழில் 11 குறிகள். சுப்பிரமணியம் என்று பெயர் வைத்தவர் சுப்பிரமணிய என்று நிற்பார், முத்துலட்சுமி முத்துலட்சு ஆகிவிடுவார். பெற்றோர் ஆசையாக வைத்த பெயரை இயந்திரத்துக்காகக் குறுக்கிக்கொள்ளச் சொன்னதும், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஆளுக்கொரு சின்னப் பெயர் வைத்துக்கொண்டீர்கள். செய்தியின் அடியில் பலகையின் பெயரையும் ஊரையும் சொல்லும் ஊர்வரிக்கும் இதே கதிதான், எல்லாம் சேர்த்து 79 பைட்டுக்குள் அடங்க வேண்டும். "பினாங்கு" என்ற ஒரு சொல்லே 24ஐத் தின்றுவிடுகிறது. ஊர்ப் பெயரை விட மனம் வராமல் பலகையின் பெயரைச் சுருக்கினோம்.

நாங்கள் அனைவரும் தட்டுவது 'அஞ்சல்' என்ற பெயருடைய தமிழ் விசைமுகத்தில். 1985இலேயே முரசு என்ற மென்பொருளோடு தொடங்கி, இந்த விசைமுகத்தையும் தந்து, மலேசியாவிலிருந்து கணினிக்குத் தமிழைக் கொண்டுவந்த முத்து நெடுமாறன் அவர்களுக்கு எங்கள் அறிமுகம் இல்லாவிட்டாலும் நன்றி சொல்லிக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு வேலை. அச்சகத்துக்கு ரவுட்டர் இரவல் தந்த பட்டர்வொர்த் நண்பரே, புது ரவுட்டர் வாங்கியாகிவிட்டது. உங்களுடையதை மின்னல் பிடிக்காமல் பத்திரமாகக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அச்சகத்துக்கு வந்தால் நான் இருப்பேன். ஃபெரியில் வந்தால் சொல்லுங்கள், எதிரே இருக்கும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக்கடை) சாப்பிட்டுவிட்டுப் போகலாம், கணக்கு என்னுடையது.

இப்படிக்கு,
பலகை நடத்துபவன்
ஜார்ஜ்டவுன், பினாங்கு